எண்டோமெட்ரியோசிஸும் சாப்பாடும்: எந்த வலிக்கு எது உதவும்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியோசிஸ் என்று வந்த அன்றைக்கே அறிவுரைகளும் வந்து சேர்ந்துவிடும். பாலை நிறுத்து. கோதுமையைத் தொடாதே. கோழி சூடு. காபி கூடவே கூடாது. காலையில் மஞ்சள் தண்ணீர், மாலையில் ஆளி விதைப் பொடி. எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா தன் நீர்க்கட்டிக்கு வாங்கிய டயட் சார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பார். இத்தனையையும் ஒரு பெண் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் சில மாதங்களில் தட்டில் மிஞ்சுவது வெறும் சோறும் ரசமும்தான். வலி போயிருக்குமா என்றால் பெரும்பாலும் இல்லை. உடம்பில் இருந்த தெம்புதான் போயிருக்கும்.

இந்த அறிவுரைகள் எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. சிலவற்றுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, சிலவற்றுக்கு அரைகுறை ஆதாரம், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது, எந்த உணவு எந்தத் தொந்தரவுக்கு என்று யாரும் பிரித்துச் சொல்லாததுதான். ‘வலிக்கு நல்லது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த வலிக்கு என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## முதலில், நோய் என்ன?

கருப்பையின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதாமாதம் தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுவது அதுதான். அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ வயிற்றின் உள்சுவரிலோ குடலின் மேலோ சிறுநீர்ப்பையின் மேலோ ஒட்டி வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். இப்படி வளர்வதைத் ‘திட்டு’ என்று இங்கே சொல்கிறேன். சினைப்பைக்குள் வளர்ந்து பழைய ரத்தம் தேங்கி நிற்கும் கட்டிக்கு மட்டும் ‘சாக்லேட் கட்டி’ என்ற பெயர் வழக்கத்தில் இருக்கிறது.

இந்தத் திட்டுகளை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன், அதாவது சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன். திட்டு இருக்கும் இடத்தைச் சுற்றி உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரண்டு வந்து சண்டையிடும். அந்தச் சண்டையால் உண்டாகும் சிவப்பு, வீக்கம், வலி மூன்றையும் சேர்த்து ‘அழற்சி’ என்கிறார்கள். அழற்சி நீடித்தால் தழும்பு விழும். தனித்தனியாக நழுவ வேண்டிய உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஏறக்குறைய 19 கோடிப் பேர். ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால்தான் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களில் விளக்கினார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது; நோய் வருவது பத்தில் ஒருவருக்குத்தான். எதிர்ப்புச் சக்தியும் பரம்பரையும் சேர்ந்துதான் மீதியைத் தீர்மானிக்கின்றன. இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்று காட்டுகின்றன. ஆகவே, ‘நீ கண்டதைச் சாப்பிட்டதால்தான் வந்தது’ என்று யாராவது சொன்னால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே வலியில் இருக்கும் பெண்மேல் பழியையும் சேர்த்துச் சுமத்தும் பேச்சு அது.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். நம் ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் வேறு நோய். அதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமை பெரிய பங்கு வகிப்பதால், எடை கூடுதலாக இருப்பவர்கள் அதைக் குறைப்பது பலன் தரும். எண்டோமெட்ரியோசிஸ் அப்படியில்லை. சொல்லப்போனால் ஒல்லியான பெண்களிடம் இது சற்று அதிகமாகவே காணப்படுகிறது. ஒருவருடைய பிசிஓஎஸ் டயட் சார்ட்டை இன்னொருவரின் எண்டோமெட்ரியோசிஸுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. எடை குறைந்த ஒரு பெண்ணைப் பட்டினி போட வைப்பது கேடு.

## வலி ஒன்றல்ல, பல

ஊர்த் திருவிழாவில் மைக்செட் போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக், அறிவிப்பு சொல்பவர் கையில் ஒரு மைக். எல்லா வயரும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் போய்ச் சேர்கின்றன. தெருக்கோடியில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நிற்பவருக்குக் கேட்பது மொத்தமாக ஒரே இரைச்சல்தான். அதில் எந்த மைக்கின் பங்கு எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது.

அடிவயிறும் இப்படித்தான். கருப்பை, குடல், சிறுநீர்ப்பை, இடுப்புக்குழித் தசைகள் எல்லாவற்றிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியில் சேர்ந்து மூளைக்குப் போகின்றன. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண் ‘அடிவயிறு வலிக்கிறது’ என்று சொல்லும்போது, அதில் கருப்பை சுருங்கும் வலி இருக்கலாம், திட்டைச் சுற்றிய அழற்சி இருக்கலாம், வாயு நிறைந்து உப்பிய குடல் இருக்கலாம், வருடக்கணக்கில் வலிக்கு எதிராக இறுகிப்போன தசை இருக்கலாம். இந்த நோயுள்ள பெண்களில் வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதனால்தான். குடலில் ஒரு திட்டும் இல்லாதவர்களுக்கும் அது வருகிறது.

ஆம்ப்ளிஃபையரையும் மறந்துவிடக் கூடாது. வலி பல ஆண்டுகள் தொடர்ந்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடும். முன்பு உணரப்படாத சின்னத் தூண்டல்கூட வலியாகக் கேட்க ஆரம்பிக்கும். இதற்கு ‘மையக் கூருணர்வு’ என்று பெயர் சொல்லலாம். ஒலியளவுத் திருகையே யாரோ ஏற்றி வைத்துவிட்ட நிலை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: திட்டுகள் நோயின் மூலம். ஆனால் உணரப்படும் வலி பல இடங்களிலிருந்து வந்து ஒன்றாகச் சேர்வது. உணவு திட்டுகளைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் கிடையாது. சில மைக்குகளின் சத்தத்தைக் குறைக்க அதனால் முடியும். குடல் மைக்கில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அழற்சி மைக்கில் கொஞ்சம்.

## அழற்சியும் கொழுப்பும்

மாதவிடாய் நேரத்தில் கருப்பையை இறுக்கிப் பிழியும் பொருள் ஒன்று உண்டு. புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். உடம்பு அந்தந்த இடத்திலேயே தயாரித்துக்கொள்ளும் ரசாயனத் தூதுவர் அது. எண்டோமெட்ரியோசிஸ் திட்டுகளும் இதை நிறைய சுரக்கின்றன. மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்வது இதன் உற்பத்தியைத் தடுத்துத்தான்.

புரோஸ்டாகிளாண்டினுக்கு மூலப்பொருள் நம் செல்களின் உறையில் இருக்கும் கொழுப்பு. அந்த உறையில் ஒமேகா 6 வகைக் கொழுப்பு மிகுந்திருந்தால் காரமான புரோஸ்டாகிளாண்டின் உருவாகும். மீன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா 3 வகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் உருவாவது வீரியம் குறைந்தது. கொள்கை அளவில் இது உறுதியான அறிவியல். ‘மீன் சாப்பிடு’ என்ற அறிவுரை இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் கொள்கையிலிருந்து தட்டு வரைக்கும் உள்ள தூரம் கொஞ்சம் அதிகம். அமெரிக்காவில் 1989 முதல் லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 2010இல் வெளியான முடிவின்படி, மீன்வகை ஒமேகா 3 மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்பட்டது 22 சதவீதம் குறைவு. டிரான்ஸ் கொழுப்பு, அதாவது வனஸ்பதி போல எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் கொழுப்பு, மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் 48 சதவீதம் அதிகம். இணையத்தில் இந்த எண்கள் ‘மீன் சாப்பிட்டால் வலி 22 சதவீதம் குறையும்’ என்று உருமாறி உலவுகின்றன. ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. நோய் கண்டறியப்படும் வாய்ப்பு ஒரு கேள்வி. வந்துவிட்ட நோயின் வலி குறையுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குத் தூக்கிப் போட முடியாது.

இரண்டாவது கேள்வியை நேரடியாகக் கேட்ட ஆய்வு அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது. எண்டோமெட்ரியோசிஸ் உறுதியான, 12 முதல் 25 வயது வரையிலான பெண்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு மீன் எண்ணெய், ஒரு குழுவுக்கு விட்டமின் டி, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விட்டமின் டி குழுவில் வலி குறைந்தது. வெற்று மாத்திரைக் குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. மீன் எண்ணெய் இரண்டையும் மிஞ்சவில்லை.

அப்படியானால் மீன் வேண்டாமா? வேண்டும். மத்தி, அயிலை, நெத்திலி போன்றவை மலிவான மீன்கள். ஒமேகா 3 உண்டு, புரதம் உண்டு, இதயத்துக்கும் நல்லது. வாரம் இரண்டு முறை குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். விலை உயர்ந்த மீன் எண்ணெய் மாத்திரை வாங்க முடியவில்லையே என்று மட்டும் வருந்தாதீர்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதையில் கிடைப்பது வேறொரு ஒமேகா 3. அதில் மிகச் சிறிய பங்குதான் உடம்புக்குள் மீன்வகைக் கொழுப்பாக மாறும். கெடுதல் இல்லை, ஆனால் அதிசயமும் எதிர்பார்க்க வேண்டாம். டிரான்ஸ் கொழுப்பை விடுவது எல்லோருக்கும் நல்லது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் விதியே இருக்கிறது. என்றாலும் பேக்கரிப் பண்டங்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

சிவப்பிறைச்சி பற்றியும் அதே செவிலியர் ஆய்வு 2018இல் பேசியது. தினமும் இரண்டு பங்குக்கு மேல் சாப்பிட்டவர்களை, வாரத்துக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது நோய் 56 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. அந்த அளவைக் கவனியுங்கள். தினமும் இரண்டு வேளை மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ ஆட்டிறைச்சியோ உண்ணும் பழக்கத்தைப் பற்றிய எண் அது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கும் வீட்டுக்கு அதனால் பயம் தேவையில்லை.

## குடல்: உணவு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம்

உணவு ஆய்வுகளில் இப்போதைக்குத் தெளிவான பலன் தெரிவது இங்கேதான். அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சில வகைச் சர்க்கரைகளும் மாவுச்சத்துகளும் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. தண்ணீரும் வாயுவும் சேர்ந்து குடல் சுவரை விரிக்கும். இவற்றுக்கு மொத்தமாக ‘ஃபாட்மேப்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 வாக்கில் வைத்த பெயர் அது. வெங்காயமும் பருப்பும் சாப்பிட்டால் எல்லோருக்கும்தான் வாயு வரும். பெரும்பாலானோருக்கு அது வலிப்பதில்லை. நரம்புகள் கூர்மையாகிவிட்ட ஒரு பெண்ணுக்கு அதே விரிவு வலியாகக் கேட்கிறது. நாள் முழுக்க வயிறு உப்பி, சுடிதார் நாடாவைத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய நிலை வருகிறது.

இந்தச் சத்துகளைக் குறைத்த உணவு எண்டோமெட்ரியோசிஸ் பெண்களுக்கு உதவுமா என்று மோனாஷ் குழுவே சோதித்து 2025இல் வெளியிட்டது. குடல் தொந்தரவும் இருந்த 35 பெண்கள். இரண்டு வகை உணவையும் சமைத்தே கொடுத்து, ஒவ்வொன்றையும் 28 நாட்கள் சாப்பிடவைத்தார்கள். ஃபாட்மேப் குறைந்த உணவில் 60 சதவீதம் பேருக்குக் குடல் தொந்தரவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஒப்பீட்டு உணவில் 26 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்டது. இதில் குறைந்தவை உப்புசம், வயிற்று வலி போன்ற குடல் தொந்தரவுகள்தான். திட்டுகள் சுருங்கியதாக யாரும் சொல்லவில்லை.

## நம் சமையலில் இது எப்படி?

முதல் சிக்கல் வெங்காயமும் பூண்டும். சின்ன வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அவற்றில் ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் நிறைய இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் வேகவைத்த வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவதில் பயனில்லை. கரைய வேண்டியது குழம்பில் ஏற்கெனவே கரைந்துவிட்டது. பூண்டை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், ஃபிரக்டான் வராது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் தாராளமாகச் சேர்க்கலாம். விரத நாட்களில் வெங்காயம் பூண்டு இல்லாமல் பெருங்காயம், சீரகம், மிளகு வைத்தே சமைக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தக் கைப்பழக்கம் இங்கே அப்படியே பயன்படும்.

பருப்பு வகைகளில் கொண்டைக்கடலை, ராஜ்மா, கடலைப்பருப்பு ஆகியவை அதிகத் தொந்தரவு தருபவை. நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஓரளவு குறையும். அளவையும் பாருங்கள்: குழம்பில் ஒரு கரண்டி பருப்பு வேறு, ஒரு கிண்ணம் சுண்டல் வேறு. பழங்களில் மாம்பழம், தர்பூசணி, ஆப்பிள் தொந்தரவு தரலாம்; ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வாழைப்பழம் கனியக் கனிய ஃபிரக்டான் கூடும். தோலில் கரும்புள்ளி விழுந்ததைவிட சற்றுக் காய்வாட்டமானது மேல். அரிசி, முட்டை, மீன், கோழி, உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய் ஆகியவற்றால் பிரச்சினை இல்லை. கோழி சூடு என்று ஒதுக்கியிருந்தால் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

பாலில் இருக்கும் லாக்டோஸும் ஒரு ஃபாட்மேப். வளர்ந்த தென்னிந்தியர்களில் கணிசமானோருக்கு அது முழுமையாகச் செரிப்பதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். தயிரில் லாக்டோஸ் குறைவு. நீர்மோரில் இன்னும் குறைவு. பாலே எண்டோமெட்ரியோசிஸை வளர்க்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அந்தச் செவிலியர் ஆய்வில் பால் பொருட்கள் அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் சற்றுக் குறைவாகத்தான் தெரிந்தது.

இந்த உணவுமுறை காலத்துக்கும் பின்பற்ற வேண்டியதல்ல. இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்கள் பெரும் தீங்கு செய்கிறார்கள். இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை குறைத்துப் பார்ப்பது முதல் கட்டம். பலன் தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது, எந்த அளவில் தொந்தரவு தருகிறது என்று கண்டுபிடிப்பது இரண்டாம் கட்டம். அது மட்டும் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் மறுபடி சாப்பிடுவது மூன்றாம் கட்டம். பலன் தெரியாவிட்டால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட வேண்டும். வெங்காயமும் பூண்டும் பருப்பும் குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு. காரணமில்லாமல் அவற்றை வருடக்கணக்கில் ஒதுக்கக் கூடாது. முடிந்தால் ஒரு டயட்டீஷியனின் துணையோடு செய்யுங்கள்.

## கோதுமை விவகாரம்

‘குளூட்டனை விட்டேன், வலி போய்விட்டது’ என்று பலர் சொல்கிறார்கள். குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம். இதற்கு எல்லோரும் காட்டுவது 2012இல் இத்தாலியில் வந்த ஓர் ஆய்வு: 207 பெண்கள் ஒரு வருடம் குளூட்டன் இல்லாத உணவு சாப்பிட்டு, 75 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே அதில் இல்லை. பாஸ்டனில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலி குறைந்ததை நினைவில் வைத்தால், இந்த 75ஐ அப்படியே நம்ப முடியாது என்பது புரியும்.

அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. கோதுமையில் குளூட்டனோடு ஃபிரக்டானும் இருக்கிறது. நார்வேயில் 2018இல் வெளியான ஆய்வில், தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, எது எதில் இருக்கிறது என்று தெரியாதபடி இரண்டையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றை அதிகம் தொந்தரவு செய்தது ஃபிரக்டான்தான். சப்பாத்தியை நிறுத்தி நிம்மதி கிடைத்த பெண்களில் பலருக்கு உண்மையில் நடந்தது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் ஒரு சப்பாத்தி ஒத்துக்கொள்ளலாம், நான்குதான் ஆகாமல் போகலாம். இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

குளூட்டனை விடுவதாக முடிவு செய்தால், அதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். குளூட்டன் குடலையே சேதப்படுத்தும் நோய் அது. கோதுமையை நிறுத்திய பிறகு செய்தால் பரிசோதனை ஏமாற்றிவிடும்.

சுருக்கமாக: மீன், நல்ல கொழுப்பு ஆகியவை அழற்சிப் பக்கம், பலன் உறுதியில்லை, கெடுதலும் இல்லை. வெங்காயம், பருப்பு, பால், கோதுமை ஆகியவை குடல் பக்கம். உப்புசமும் மலத் தொந்தரவும் இருப்பவர்களுக்குப் பலன் எதிர்பார்க்கலாம், இல்லாதவர்களுக்கு இவற்றை விடக் காரணமே இல்லை.

## மஞ்சள், நார்ச்சத்து, காபி

உடம்பு பயன்படுத்தி முடித்த ஈஸ்ட்ரோஜன் பித்தத்தோடு குடலுக்கு வருகிறது. நார்ச்சத்து அதை வெளியேற்ற உதவுகிறது என்பது உண்மை. ஆனால் திட்டுகள் தங்களுக்குத் தேவையான ஈஸ்ட்ரோஜனைத் தாங்களே தயாரித்துக்கொள்ளக் கூடியவை. கீரை சாப்பிட்டு அதை நிறுத்திவிட முடியாது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நார்ச்சத்து வலியைக் குறைக்கும், அதற்காகவே சாப்பிடலாம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத்தில் அழற்சியைக் குறைக்கிறது. வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சமையலில் போடும் மஞ்சள் போதும். செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. டாக்டரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம். காபிக்கும் இந்த நோய்க்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. காபி குடித்தால் வயிறு கலங்குகிறது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலைக் காபியை யாரும் உங்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

## எதைக் குறைக்கவே கூடாது

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் பலருக்கு மாதவிடாய் உதிரப்போக்கும் அதிகம். இந்த நிலையில் இறைச்சியையும் பருப்பையும் ஒருசேர நிறுத்தினால் இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? சோர்வு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல் என்று வருவதெல்லாம் நோயின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதில் சேராது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் சேரும். சாப்பிட்ட கையோடு டீயும் காபியும் குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கால்சியமும் அப்படித்தான். இந்த நோய்க்குப் போடப்படும் லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் ஈஸ்ட்ரோஜனை மிகவும் தாழ்த்துவதால் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கின்றன. அதே காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று பாலையும் தயிரையும் நிறுத்தினால் எலும்புக்கு இரட்டை அடி. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கேழ்வரகு (100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்), முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, மோர் ஆகியவை இருக்கின்றன.

## உங்கள் உடம்பில் சோதித்துப் பார்ப்பது

2025இல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுக் கருத்துக்கணிப்பில், உணவை மாற்றிப் பார்த்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் இந்த நோயின் வலி தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமான மாதத்தில்தான் நாம் புது டயட் தொடங்குகிறோம். அடுத்த மாதம் எதுவும் செய்யாவிட்டாலும் சற்றுக் குறைந்திருக்கும். அதனால் தொடங்குவதற்கு முன் இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக்காவது குறித்து வையுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எந்த இடத்தில், சுற்றின் எத்தனையாவது நாள், உப்புசம் உண்டா, மலம் எப்படி, எத்தனை மாத்திரை போட்டீர்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம். பாலையும் கோதுமையையும் காபியையும் ஒரே நாளில் நிறுத்தினால், வலி குறைந்தது எதனால் என்று ஒருபோதும் தெரியாது. பலன் தெரிந்தால் விட்டதை மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். தொந்தரவு திரும்பி வந்தால்தான் உறுதி.

சாப்பாட்டைப் பற்றிய பயமே பெரிதாகி, விருந்துக்கும் போகாமல், எடை இறங்கிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த டயட் உங்களுக்கு உதவவில்லை.

## சாப்பாட்டால் ஆகாதவை

ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி, வலிக்காக எந்தக் குறிப்பிட்ட உணவுமுறையையும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்கிறது. வலி மாத்திரைகள், டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள், ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை ஆகியவையே முதன்மைச் சிகிச்சை. உணவு அவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டியது.

பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் வலி, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், உறவின்போது ஆழத்தில் வலி, ஒரு வருடம் முயன்றும் கரு தங்காமை ஆகியவற்றில் எது இருந்தாலும் டயட்டில் நேரத்தைக் கழிக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’, ‘ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்’ என்று சொல்லிப் பதினாறு வயதுப் பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள். மலம் கழிக்கும்போது வலிப்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சாதாரண ஸ்கேனில் சிறிய திட்டுகள் தெரியாமல் போகலாம்; ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவாகிவிடாது. லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் முறை, செய்து உறுதிப்படுத்தினால்தான் சிகிச்சை என்ற நிலையும் இப்போது இல்லை. அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்று அதே 2022 வழிகாட்டி சொல்கிறது. அதைச் சொல்லி டாக்டரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.